ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் என்ன?

கேள்வி: தீபாவளி வருகிறது. ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால் சாமான் தலையில் விழுகிறது. எத்தனை டப்பா, எத்தனை அலமாரி வாங்கினால் வீடு அடங்கும்?
- கிள்ளான் வாசகி

பதில்: முதலில் பர்ஸை மூடுங்கள். டப்பா வாங்கினால் குப்பை குறையாது, மூடி போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு மார்க்கர் பேனா, ஒரு சுருள் டேப், மூன்று கூடை போதும்: வைக்க, கொடுக்க, கழிக்க. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நான்காவது கூடை வைத்தீர்களானால், அதற்குப் பெயர்தான் ஸ்டோர் ரூம்.

ஐஸ்கிரீம் டப்பாக்களில் தொடங்குங்கள். மூடி தொலைந்தவை போகட்டும். மிச்சத்தில் பெயர், தேதி எழுதி ஒட்டுங்கள். வெண்ணிலா என்று ஆசையாகத் திறக்கும் பேரப்பிள்ளை சம்பலைப் பார்த்து எத்தனை தடவைதான் அழும்? அட்டைப்பெட்டியில் மட்டும் துணி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சையும் கரப்பானும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வேன் தாமானுக்குள் வந்தால் பழைய பேப்பர் கட்டுகளைத் தள்ளிவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குச் சாக்கே கிடையாது: கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் மறுசுழற்சிப் பொருளைப் பிரித்து வைப்பது சட்டப்படி கட்டாயம். சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. ஆகவே கிள்ளான்காரரான நீங்கள் மனசாட்சிக்குப் பதில் சொன்னால் போதும்.

துணிக்கடைப் பைகளா? பத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். ஜாலான் தெங்கு கிளானாவுக்கு இன்னும் நீங்கள் தீபாவளி ஷாப்பிங் போகவில்லையே!