கப்பலில் வரும் சத்தம்

போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் நின்று "பிக்கப்" என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் திரும்புவார்கள். சரக்கு வண்டிக்காரர், "லோடு எங்கே?" என்பார். சுற்றுலாக் கார்க்காரர், "ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" என்பார். மூன்றாவதாக ஒருவர் கையில் பிடித்த டீயோடு ஓடியே வருவார். "அல்நிக்கோவா, செராமிக்கா?" என்று கேட்பார். அவர்தான் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பேஸ் கிடார்காரர். ஊருக்கே பேஸ் அண்ணன்.

கல்யாணமான புதிதில் மாமனாரிடம், "ஒரு பிக்கப் வாங்கணும் மாமா, பணம் கொஞ்சம் குறையுது" என்றாராம். மருமகன் சொந்தமாக லோடு அடிக்கப் போகிறார் என்று பூரித்துப் போன மனிதர், பணத்தையும் கொடுத்து, வண்டி நிறுத்த இடம் வேண்டுமே என்று முற்றத்து வாழைகளையும் வெட்டிவிட்டார். ஐந்து வாரம் கழித்து வந்து இறங்கியது, மருந்துக்கடை டப்பா அளவில் ஒரு பார்சல். வாழை நின்ற இடத்தை அண்ணி இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்.

இந்த ரகத்து ஆட்கள் மதுரையிலும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஆனால் தீவில் விளைந்த ரகத்துக்கு ருசியே வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ் கிடாரின் தந்திகளுக்கு அடியில் கறுப்பாகப் பதித்திருக்கும் பெட்டிதான் பிக்கப். உள்ளே சில காந்தங்கள். அவற்றைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் கலையும். கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய் ஊரை எழுப்பும். இதில் சுழலுவது, உரசுவது, தேய்வது என்று ஒன்றுமே கிடையாது. அப்படிப்பட்ட பொருளைத்தான் அண்ணன் பன்னிரண்டு வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் சோல்டர் வைக்கும்போது டார்ச் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு.

பகலில் அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலம் ஆனால் கலைஞர். இங்கே ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். அதனால் மெயின்லேண்டில் உள்ளவர்களைவிட ஒரு மணி நேரம் போல அதிகமாகக் கலைஞராக இருக்க முடிகிறது. வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம் என்றால் பக்திப் பாட்டுக்கு வாசிப்பார். துர்கா பூஜை வந்தால் வங்காளிப் பந்தலில் வாசிப்பார். டிசம்பரில் சர்ச்சுகள் கூப்பிடும். இந்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் உண்டு. பாஷைதான் மாறும், தந்தி அதே நாலுதான். வாசித்து முடித்ததும் மேடையை விட்டு இறங்கி என்னிடம் கேட்கும் கேள்வியும் அதேதான்: "தம்பி, மிட் கொஞ்சம் சேறா இருந்துச்சோ?"

பேஸ் சேறாக இருந்ததா, சந்தனமாக இருந்ததா என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டுக்காரியின் புடவை என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் எந்த வருஷம் பிறந்தார்கள் என்று கேட்டால் அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்ப்பார். ஆனால் 1951-இல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார், 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து இரைச்சலை அடக்கினார், 1960-இல் இரண்டு பிக்கப் வைத்த ஜாஸ் பேஸ் வந்தது என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவார். அண்ணனிடம் இருப்பது கல்கத்தாவில் வாங்கிய ஜாஸ் வகை. அதாவது, சீப்பு மாதிரி நீளமான பிக்கப் இரண்டு. அதாவது, அதிருப்திக்கு இரண்டு வாசல்.

2020 ஆகஸ்ட் வரை அவர் அதிருப்திக்கு ஓர் எல்லை இருந்தது. அதுவரை தீவுக்கு இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான். நாலு நிமிஷ பிக்கப் டெமோ ஒன்றை இறக்க ராத்திரி முழுக்கப் போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் எழுந்து பார்த்தால் முக்கால் நிமிஷம் இறங்கியிருக்கும். அந்த முக்கால் நிமிஷமும் வெள்ளைக்காரர் ஒருவர் ஹலோ சொல்லுவதிலேயே முடிந்திருக்கும். ஆகஸ்ட் 10-ஆம் தேதி, சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் போட்ட கேபிள் திறந்தது. அரசாங்கம் கல்வி, மருத்துவம், வங்கிச் சேவை என்று பல பயன்களைச் சொன்னது. அண்ணன் அன்றே நாற்பது பிக்கப்புகளைக் கேட்டு முடித்தார்.

எதில் கேட்டார் தெரியுமா? போன் ஸ்பீக்கரில். பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிருகிறது. போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கக் கால் கிடையாது. கறுப்புவெள்ளை டிவியில் பட்டுப்புடவை தேர்ந்தெடுக்கிற மாதிரிதான். ஆனாலும் போனைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி, "ஆகா, அடி வயித்துல இறங்குது பார்" என்பார். எனக்குக் கொசு பறக்கிற மாதிரி இருக்கும்.

தேர்ந்தெடுத்தால் போதுமா, வர வேண்டுமே. 744101 என்று பின்கோடு போட்டதும் பல கடைகள் கும்பிடு போட்டுவிடும். அதனால் பார்சல் முதலில் சென்னை மச்சான் வீட்டுக்குப் போகும். அவர், கப்பல் ஏறப்போகும் தெரிந்தவர் யாரென்று தேடுவார். அந்தத் தெரிந்தவருக்கு டிக்கெட் கிடைக்க வேண்டும். கப்பல் சொன்ன தேதியில் கிளம்ப வேண்டும். கடல் ஒத்துழைத்தால் மூன்று நாளில் ஹேடோ ஜெட்டி. இந்த ஐந்து வாரமும் அண்ணனைப் போல் சந்தோஷமான மனிதரைப் பார்க்க முடியாது. அலுவலகத்தில் பைல்கள் நகரும். அண்ணியிடம் காய் நறுக்கட்டுமா என்று கேட்பார். "வந்துக்கிட்டிருக்கு தம்பி" என்பார். எது என்று நான் கேட்பதில்லை.

வந்து சேர்ந்த நாளிலிருந்து கஷ்டகாலம்.

முதல் முறை அவர் ஒரே நீளத்தில் இரண்டு வாங்கிவிட்டார். ஜாஸ் பேஸில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப், தந்திகளைத் தாங்கும் பாலத்துப் பக்கத்தைவிட 3 மில்லிமீட்டர் போலக் கட்டை. அந்த 3 மில்லிமீட்டருக்காக ஒரு பிக்கப் திரும்பவும் வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய் வந்தது.

இரண்டாம் முறை, கழுத்துக்கு ஒரு கம்பெனி, பாலத்துக்கு ஒரு கம்பெனி என்று கலப்புத் திருமணம் செய்துவைத்தார். தனித்தனியே கேட்டால் இரண்டும் தங்கம். சேர்த்துத் திறந்தால் சத்தம் இளைத்துப்போய், உள்ளே பேஸே இல்லை. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. ஒன்றின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சோல்டர் வைத்தால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க நாலு கச்சேரி ஆயிற்று. நாலு கச்சேரியிலும் பேஸ் கேட்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அண்ணனை அதிகம் வருத்தியது அதுதான்.

ஒயர் சரியானதும் இரைச்சல் வந்தது. ஜாஸ் வகையில் இரண்டையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றைத் தணித்தால் மேடை விளக்குகளின் "ம்ம்ம்" ஒட்டிக்கொள்ளும். அண்ணனோ அதன் பிறகு பாலத்துப் பிக்கப்பை மட்டுமே திறந்து வாசித்தார். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி ஸ்கேல் பாட்டு வந்தால் அண்ணனுக்குக் கவலையில்லை. அரசு மின்சாரமே இலவசமாகச் சுருதி போட்டுவிடும். வேறு ஸ்கேல் வந்தால் பாட்டுக்காரர் முறைப்பார்.

இரைச்சலுக்கு மருந்து என்று மூன்றாவதாக வந்தது, 1957 மாடலில் பிளந்த ப்ரிசிஷன் பிக்கப். ஆளுக்கொரு தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டு. ஆனால் சீப்பு வைத்த குழியில் தீப்பெட்டி உட்காராதே. மரத்தைக் குடைய வேண்டும். 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை மில் இருக்கும் ஊரில் உளிக்குப் பஞ்சமா? படாக் மரக் கட்டிலும் படாக் கதவும் செய்தே நரைத்த ஆசாரி ஒருவரிடம் போனோம். அவர் கிடாரைக் கவிழ்த்தார், விரலால் தட்டினார். "மரம் எங்கே?" என்றார். அது பிளைவுட். "உள்ளே என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். காந்தம் என்றோம். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நம்பிக்கை உள்ளவர்களைத் தடுக்கக் கூடாது என்பதுபோல் உளியை எடுத்தார். குழி பிரமாதமாக வந்தது. பேனாக்கத்தியும் இன்லேண்ட் கவரும் வைக்கலாம், அவ்வளவு தாராளம்.

வீட்டில் அண்ணி ஒருமுறை நேரடியாகவே கேட்டார். "எத்தனை தடவைதான் மாத்துவீங்க?"

"ஊர் பேரையே 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. நான் ஒரு பிக்கப் மாத்தக் கூடாதா?"

"பேரு மாத்தினதுக்கு என் வளையலை யாரும் கேக்கல."

நானும் என்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர். மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தவர். ஒரே விரலால் வாசித்தார். தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். "அந்த ஊர்ல மாத்தணும்னா பக்கத்துத் தெருவுல கிடைக்கும் தம்பி. கிடைக்கிற ஊர்ல மாத்தாம இருக்கிறது பெரிய விஷயமா?" என்று அடக்கிவிட்டார். சரி, இளையராஜா பாட்டுகளுக்குச் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு உருகுகிறீர்களே, அது என்ன பிக்கப்பாலா வந்தது, முதலில் ராஜா சார் அப்படி எழுதினார், பிறகு அவர் அப்படி வாசித்தார் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டார்ச்சைத் தானே வாயில் கவ்விக்கொண்டு சோல்டர் வைத்தார்.

உண்மையான வைத்தியத்தைச் சொன்னவர் மைக் செட்காரர்தான். பங்குனி உத்திரத்தன்று சவுண்ட் செக்கில் கிட்டே வந்து பார்த்தார். "அண்ணே, பிக்கப் ரொம்பக் கீழே கிடக்கு. ரெண்டு திருகு மேல ஏத்துங்க. அப்புறம் ஜாக் முழுக்கப் பச்சை பூத்திருக்கு, உப்புக் காத்து. தேய்ச்சு விடுங்க." இரண்டு ஸ்குரூ, ஒரு துண்டு உப்புத்தாள். செலவு இல்லை. தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே இருக்கும் இடைவெளி பாதிச் சத்தத்தைத் தீர்மானிக்கும் என்று அண்ணனுக்குத் தெரியாதா? எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் முகம் விழுந்துவிட்டது. இங்கேயே, இப்போதே, சும்மாவே கிடைக்கிற மருந்தை எந்த நோயாளி மதிப்பான்?

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தீவில் பிறந்தவனுக்கு நல்லது என்றால் கப்பலில் வருவது. உருளைக்கிழங்கு, சிமென்ட், பாடப்புத்தகம், மாற்றல் உத்தரவு, மாப்பிள்ளை, எல்லாம் அங்கிருந்துதான் வர வேண்டும். என் வீட்டிலும், கும்பகோணத்திலிருந்து காபித்தூள் வரும்வரை குடிக்கிறதைக் காபி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஜெட்டியைப் பார்த்து நிற்கப் பழகிய கண்ணுக்கு, காலடியில் கிடக்கும் திருகாணி எப்படித் தெரியும்?

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இருவரும் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு சர்ச்சில் கேரல் பயிற்சி. கூட்டமாகப் பாட்டு, அடியில் ஒரு பேஸ். உருண்டையாக, வெதுவெதுப்பாக, ஒவ்வொரு சுரமும் தனியே. அண்ணன் பிரேக் போட்ட வேகத்தில் நான் அவர் முதுகில் மோதினேன். "இதுதான் தம்பி. இதுதான். பன்னெண்டு வருஷமா நான் தேடுறது இதுதான்."

உள்ளே போனோம். வாசித்தவன் ஒரு நிகோபாரிப் பையன், இருபது வயதிருக்கும். அண்ணன் அவன் கிடார் மேல் குனிந்து, இந்தியில், என்ன பிக்கப் என்று கேட்டார். பையன் சிரித்தான்.

"பையா, ஆப்கா ஹீ தோ ஹை."

உங்களோடதுதான் அண்ணா. அவன் கிடாரில் செப்புக் கம்பி உண்மையிலேயே அறுந்து போனபோது, அண்ணன் முதன்முதலாகக் கழற்றி எறிந்த ஜோடியை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் போயிருந்தான். கல்கத்தாவில் கிடாரோடு வந்த அதே ஜோடி.

அண்ணன் அங்கேயே பேரம் பேசினார். ஐயாயிரம் வரை ஏறினார். புதிதாக வாங்கிவைத்த உயர்ந்த ஜோடியையும் கூடத் தருவதாகச் சொன்னார். பையன் நல்லவன், பண்டிகை முடியட்டும் என்றான். ஜனவரி முதல் வாரம் ஆட்டோவில் வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனான். சர்ச்சுக்கும் அண்ணன் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர்.

அன்று ராத்திரி டார்ச் பிடித்தேன். சோல்டர் ஆறியது. ஜாக்கைச் சொருகி ஒரு தட்டு தட்டினார். சர்ச்சில் கேட்ட அதே சத்தம் என்றுதான் என் காதுக்குப் பட்டது. அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இன்னொரு பக்கம் சாய்த்தும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு போனை எடுத்தார். "ஆனா மூணு கிலோமீட்டர்ல வந்த பொருளை எப்படித் தம்பி நம்புறது?"

சென்னை மச்சானுக்கு ரிங் போய்க்கொண்டிருந்தது.