வந்தாரை வாழவைக்கும் அணி

பராஸ் டோக்ரா 2024ல் புதுச்சேரி அணியை விட்டு ஜம்மு காஷ்மீர் அணிக்குப் போனார். அவரைப் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூர்க்காரர். 2001-02ல் அந்த மாநிலத்துக்கு ஆடத் தொடங்கி, 2018ல் நம்மிடம் வந்தார். வந்த முதல் சீசனிலேயே சிக்கிமுக்கு எதிராக 253 ரன். ரஞ்சிக் கோப்பையில் மிக அதிக இரட்டைச் சதம் அடித்தவர் என்ற பெயரை நம் அணிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வாங்கினார். வெளியாள் என்ற அடையாளத்தோடு வந்தார், அதே அடையாளத்தோடு கிளம்பினார். நம்மூர்க்காரன் என்று எந்தத் தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. நேர்மையான ஆள்.

அவரை அழைத்துவந்த புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் விருந்தோம்பல் அதைவிடப் பெரியது. 2018-19ல் ரஞ்சிக்குள் புதிதாக நுழைந்த ஒன்பது அணிகளில் நம்முடையதும் ஒன்று. புது அணி என்றால் பத்து வருடம் பொறுத்திருந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டுமே என்ற கவலையை நமக்கு வைக்கவில்லை. ராஜஸ்தானிலிருந்து பங்கஜ் சிங், மும்பையிலிருந்து அபிஷேக் நாயர், கூட டோக்ரா என்று முதல் பந்தியிலேயே மூன்று பெரியவர்களுக்கு இலை போட்டார்கள். விதிப்படி விருந்தாளி வீரர்களுக்கு மூன்று இடம்தான். சங்கத்தின் மனசு அதைவிட விசாலம். அந்த வருடம் செப்டம்பரில், வெளியிலிருந்து வந்த எட்டுப் பேருக்குக் கொடுத்த அனுமதியை இந்தியக் கிரிக்கெட் வாரியமே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருடம் வினய் குமார் வந்தார். கர்நாடகத்துக்கு இரண்டு முறை ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன். நமக்கு ஒரே சீசனில் 45 விக்கெட் எடுத்துத் தந்தார். 2024 ஜனவரியில் டெல்லியை டெல்லியிலேயே ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஜெயித்தோம் என்று சொல்லும்போது வாய் இனிக்கிறது. அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்துக்காரர்.

இத்தனை பெருமைக்கும் இடம் கொடுத்திருப்பது வில்லியனூர் கொம்யூன். சங்கத்தின் மைதானம் சேதராப்பட்டுப் பக்கம் துத்திப்பட்டில் இருக்கிறது. 2024ல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்குப் பெயரே வில்லியனூர் மோஹித் கிங்ஸ். மண்ணும் நம்முடையது, பெயரும் நம்முடையது. பதினோரு பேரில் மூன்று பேருடைய பாரத்தையாவது நம் பையன்கள் தோளில் ஏற்றாமல் சங்கத்தார் காப்பாற்றியிருக்கிறார்கள். 2021ல் வாரியம் சம்பளத்தை உயர்த்தியதிலிருந்து, ரஞ்சியில் இருபது ஆட்டம்கூட ஆடாத புதுப் பையனுக்கும் நாளுக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டம் ஒன்றுக்கு 1,60,000. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டு, அறுத்து, கடன் கட்டி, மிச்சத்தை எண்ணிப் பார்க்கிற வீட்டுக்குள் அவ்வளவு பணம் திடீரென்று வந்தால் என்ன ஆகும்? அறுப்பு முடிந்த கழனியில் டென்னிஸ் பந்து ஆடுகிறவனுக்கு அந்தச் சோதனை சுலபத்தில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

டோக்ராவின் கண் கூர்மையானது. என்ன நினைத்துப் போனாரோ, போன இடம் சரியான இடம். 2025 ஜனவரியில் அவர் தலைமையில் ஜம்மு காஷ்மீர், ரோகித் சர்மாவும் ஜெய்ஸ்வாலும் ஆடிய மும்பையை மும்பையிலேயே தோற்கடித்தது. முதல் இன்னிங்சில் ரோகித்தை வீழ்த்திய உமர் நசீர் புல்வாமாக்காரர். கூடப் பந்து போட்ட ஆக்கிப் நபி பாரமுல்லாக்காரர். யுத்வீர் சிங் ஜம்முக்காரர். கேப்டனை வெளியிலிருந்து வரவழைத்தார்கள், பந்தைத் தங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் இப்படி ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தவரை எப்படிக் குறை சொல்வது? பிடித்த அணிக்குப் போகிற உரிமை ஆட்டக்காரனுக்கு இருக்கத்தான் வேண்டும். பாகூர்ப் பையனுக்கும் அந்த உரிமையை யாரும் மறுக்கவில்லை. முதலில் அவன் ஓர் அணிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டோக்ரா போனதால் நம் பந்தியும் வெறிச்சோடிவிடவில்லை. 2025 டிசம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் புதுச்சேரிக்குக் கேப்டனாக இறங்கிய அமன் கான் மும்பையில் ஆடி வளர்ந்தவர். பாலம்பூரிலும் மும்பையிலும் இருக்கிற திறமை துத்திப்பட்டிலிருந்தே தெரிகிறது என்றால், அது சாதாரணப் பார்வை இல்லை. அதே பார்வையோடு சங்கத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரிலும் கிருமாம்பாக்கத்திலும் பாகூரிலும் வந்து நின்று, பையன்கள் பந்து போடுவதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அங்கே ஆட்டம் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும்.