அஞ்சாவதுல பிக்கப் ஆயிரும்

எனக்கு ஒரு சகலை இருக்கிறார். உங்களுக்கும் ஒருவர் இருந்தால் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. போன வாரம் ஒரு வளைகாப்பில் பந்தியில் பக்கத்து இலை அவருக்கு. நான் புளியோதரையை முடித்துத் தேங்காய்ச் சாதத்தில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சகலை, அந்த சீரிஸ் பாத்தாச்சா?"

"எது?"

"இன்னுமா பாக்கல!"

எது என்று கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டதும் கேள்வி இல்லையே. நான் பார்க்கவில்லை என்பது ஊர்ஜிதமானதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. பார்த்திருந்தால் எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்து தொலைக்கும், அதைக் கேட்க வேண்டியிருக்கும். இலையிலிருந்து கையை எடுத்து, விரலை உயர்த்தி, அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"முதல் நாலு எபிசோடு கொஞ்சம் ஸ்லோவாத்தான் போகும். பொறுத்துக்கோங்க. அஞ்சாவதுல பிக்கப் ஆயிரும்."

பார்த்த படத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. அதை எல்லோரும் மறந்துவிட்டோம். அந்த முறை என்ன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிடுகிறேன். முதலில் இந்த நாலு எபிசோடு விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம்.

ஒரு எபிசோடு ஐம்பது நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் நாலுக்கு மூன்று மணி இருபது நிமிஷம். சும்மா பொறுத்துக்கொள்வதற்கு மட்டும் இவ்வளவு நேரம். இதே பேச்சை ஒரு ஓட்டல்காரர் பேசினால் விடுவோமா? "சார், முதல் நாலு இட்லி கொஞ்சம் கல்லு மாதிரித்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க. அஞ்சாவது இட்லியில பிக்கப் ஆயிரும்." சரி, நாலையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதைக் கொடுங்கள் என்றால் கொடுக்கமாட்டார். "ஐயோ, ஸ்கிப் பண்ணீராதீங்க சார். மூணாவது இட்லியோட ஓரத்துல ஒரு சின்ன டீடெயில் இருக்கு, அது ஏழாவது இட்லியில கனெக்ட் ஆகும்." சட்னி எங்கே? "ஆறாவதுல அறிமுகம் ஆகும். ஆனா அது சட்னியே இல்லைங்கிறது ஒன்பதாவதுலதான் தெரியும். அதுக்கு மேல சொல்லமாட்டேன்." நடுவில் ஒரு இட்லி முழுக்க ஃப்ளாஷ்பேக். அதாவது அது மாவாக இருந்த காலம். அந்த இட்லியை மட்டும் கறுப்பு வெள்ளையில் வார்த்திருப்பார்கள். சாம்பார் வேறொரு டைம்லைனில் கொதித்துக்கொண்டிருக்கும். பத்தாவது இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் சர்வர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். க்ளிஃப்ஹேங்கராம். "அடுத்த சீசனுக்கு மாவு அரைச்சாச்சு சார், அடுத்த வருஷம் வாங்க." அடுத்த வருஷம் போனால் கடையில் ஆளே மாறியிருக்கும். பக்கத்து டேபிள்காரர் மட்டும் கை கழுவிக்கொண்டே, "முதல் சீசன் இட்லி அளவுக்கு இல்ல" என்பார்.

சகலையின் பேச்சைக் கேட்டு ஒருமுறை 'டார்க்' பார்க்க உட்கார்ந்தேன். ஜெர்மன் தொடர், 2017இல் ஆரம்பித்து 2020இல் முடிந்தது, மூன்று சீசன், 26 எபிசோடு. நல்ல தொடர் என்று பலரும் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அதைப் பார்க்க நோட்டும் பேனாவும் வேண்டும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். நாலு குடும்பங்கள், 33 வருஷத்துக்கு ஒருதரம் காலம் குறுக்கே திரும்புகிறது, ஒரே ஆள் மூன்று வயதில் வருகிறார். என் சொந்தத்தில் யார் யாருக்கு என்ன முறை என்பதே கல்யாண வீட்டில் கேட்டால்தான் எனக்குத் தெரியும். விண்டன் என்கிற ஊரில் யார் யாருக்குப் பேரன் என்று நான் ஏன் ராத்திரி பதினொரு மணிக்கு நோட்டுப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்?

எங்கள் அத்தை 'மெட்டி ஒலி' பார்த்தவர். 2002இல் ஆரம்பித்து 2005 வரை, 800 எபிசோடுக்கு மேல். அதில் ஐந்தாவதில் பிக்கப் ஆகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் நாளே முந்தானை ஈரம். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்காவோடு விமர்சனம் நடக்கும். திரைக்கதை, மேக்கிங் என்றெல்லாம் ஒரு வார்த்தை வராது. "ஐஞ்சு பொண்ணப் பெத்த மனுசன், சம்பந்தி முன்னாடி அவ்வளவு தூரம் தழைஞ்சு போகலாமாடி?" என்று சிதம்பரத்தின் மேல் நேரடியாகக் கோபப்படுவார். அந்த அக்கா மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நின்று வாதாடுவார். அரை மணி நேரம் ஆளை வைத்துச் சண்டை. இருவருக்கும் தெரிந்த மனிதர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரியே இருக்கும். அதில் ஒருவர் பேசினால் மற்றவர் பதில் சொல்வார் என்பதுதான் எனக்கு இப்போது பெரிய அதிசயமாகப் படுகிறது.

இப்போது யார் பதில் சொல்கிறார்கள்? நான் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, "அந்தக் கிழவி வர்ற சீன்ல எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு" என்றேன். எதிரில் இருந்தவர், "ஆனா படம் போகலையே, முதல் நாள் கலெக்‌ஷன் பாத்தீங்களா?" என்றார். அவர் தயாரிப்பாளரா, ஃபைனான்சியரா, பார்க்கிங் டெண்டர் எடுத்தவரா? ஒன்றும் இல்லை. எல்.ஐ.சி. ஏஜென்ட். தொண்டை அடைத்ததும் போய்விட்டது எனக்கு.

இன்னொரு சாதி, "ஸ்பாய்லர் இல்லாம சொல்றேன்" என்று ஆரம்பிப்பவர்கள். இல்லாமலே சொல்வார்கள். "கதையச் சொல்லமாட்டேன். கடைசி பத்து நிமிஷத்துல மட்டும் ஒரு ட்விஸ்ட் இருக்கு. நீங்க நல்லவன்னு நினைக்கிற ஒருத்தரக் கவனிச்சு வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்." அவ்வளவேதான். படத்தில் நல்லவர்கள் இரண்டே பேர் இருப்பார்கள். ஒருவர் நாய்.

'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே இல்லாத படம், எஸ். பாலசந்தர் எடுத்தார். சிவாஜி கணேசனை ஆரம்பத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, சுட்டது யார் என்று படம் முழுக்கத் தேடுவார்கள். எழுபது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் இந்தக் கட்டுரையில் நான் அதைச் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் படம் பார்ப்பதற்கு முன்பே பெரியப்பா சொல்லிவிட்டார். அவர் காலமாகிவிட்டார், அந்தக் கோபம் இருக்கிறது.

மலையாளத்துக்காரர்கள் தனி. நான் மலையாளிகளைச் சொல்லவில்லை. மலையாளப் படம் பார்க்கிற நம்மூர்க்காரர்களைச் சொல்கிறேன். நீங்கள் எந்தப் படத்தைச் சொன்னாலும், "இதே விஷயத்த மலையாளத்துல எவ்வளவு இயல்பா எடுத்துருக்கான் தெரியுமா?" என்பார்கள். 'பாபநாசம்' நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "'த்ரிஷ்ய'த்துல இருந்த அந்த ஃபீல் இதுல மிஸ்ஸிங்" என்பார்கள். இரண்டையும் எடுத்தவர் ஜீத்து ஜோசப்தானே என்றால், "அதான், அங்க எடுக்கும்போது அவருக்கு வேற ஃபீல்."

'பாபநாசம்' இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அதில் கேபிள் டி.வி. நடத்துகிற சுயம்புலிங்கம், குடும்பத்தோடு ஊருக்குப் போனதையும், ஓட்டலில் சாப்பிட்டதையும், தியேட்டரில் படம் பார்த்ததையும் வழியில் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மனசில் பதிய வைப்பார். நான் பார்த்த வரையில், தான் ஒரு படம் பார்த்ததை ஊரெல்லாம் சொல்வதற்கு நியாயமான காரணம் இருந்த ஒரே மனிதர் அவர்தான். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. சகலையை யார் தேடுகிறார்கள்?

அந்தக் காலத்தில் ஆனந்த விகடன் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தது. 1977இல் '16 வயதினிலே'வுக்குப் போட்ட 62.5தான் உச்சம். ஸ்ரீதேவி, கமல், ரஜினி, பாரதிராஜா, இளையராஜா எல்லோரும் சேர்ந்து எழுதிய பரீட்சைக்கே அவ்வளவுதான். சகலை பாயசத்தை வழித்துக்கொண்டே மூன்று தொடர்களுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார்.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வாசலில் யூடியூப் கேமராக்களை விடக்கூடாது என்றார்கள். படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. சரிதான், காசு கொடுத்தவன் வாயை எப்படி அடைப்பது? கேமரா என்றாலாவது வாசலோடு போய்விடும். சொந்தக்காரர்கள் பந்தி வரை வருகிறார்கள். அவர்கள் மேல் எந்தச் சட்டப் பிரிவில் மனுப் போடுவது?

ஆங், அந்த முறை. வருகிறேன். இந்த 'லேக்' ஒன்று மட்டும் பாக்கி. "செகண்ட் ஹாஃப் லேக்" என்று சொல்லாமல் நம்மூரில் யாரும் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுப்பதில்லை. இடைவேளையில் சமோசாவும் பெரிய டம்ளர் கூல்டிரிங்க்ஸும் இறங்கின வயிற்றுக்கு எந்த செகண்ட் ஹாஃபும் லேக்தான் அடிக்கும். இது ஜீரணக் கோளாறு, இயக்குநரை என்ன செய்வது? ஆனால் இயக்குநர்கள் பயந்துவிடுகிறார்கள். 'கங்குவா'வுக்குச் சத்தம் அதிகம் என்று எல்லோரும் சொல்ல, தயாரிப்பாளரே வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னார். அதிலாவது காதுக்கு நன்மை இருந்தது. அதே 2024இல் வந்த 'மெய்யழக'னில் ரிலீஸுக்கு அப்புறம் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். நீடாமங்கலத்தில் கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிற படம். அதில் பேச்சு அதிகமாம்.

நான் வெட்டிய பிறகு போனவன். படம் பிடித்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். என் 18 நிமிஷம் எங்கே என்று யாரிடம் கேட்பது? ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதல் நாளே பார்த்தவர், அவரிடம் கேட்டேன்.

"வெட்டினதுல என்னங்க இருந்துச்சு?"

"அதுவா, ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. செம லேக் சார். நாந்தான் அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேன். தூக்கினது நல்லதாப் போச்சு. போன ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட மறுபடி பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில என்னமோ அவசர அவசரமா முடிஞ்ச மாதிரி இல்ல?"