சர்வர் பிஸி, சாம்பல் இலவசம்

எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டுக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்று எவனும் வாய் திறக்க முடியாது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டோடு வந்தது, பொறுத்தார்கள். அப்புறம் ஒரு 1,200 வந்தது, பக்கத்து வல்லூரில் 1,500 வந்தது, 2024 மார்ச்சில் இன்னொரு 800-க்குத் திறப்பு விழா நடந்தது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது, அதையும் பொறுத்தார்கள். பொறுமையே இல்லாத ஜீவன் ஒன்று உண்டு என்றால் அது ரேஷன் கடை மேசையில் உட்கார்ந்திருக்கும் விரல்ரேகைக் கருவிதான். சில வினாடிக்குள் பதில் வராவிட்டால் ‘டைம் அவுட்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“ஆயா, சர்வர் பிஸி. மத்தியானமா வா.”

மத்தியானம் போனால், “கையை நல்லாத் தொடச்சிட்டு வை.” இறால் தடவியும் வலை இழுத்தும் ரேகை தேய்ந்த விரல் அது. சேலையில் எத்தனை முறை துடைத்தாலும் போன ரேகை திரும்பி வராது.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் இந்த விரல் வைக்கும் திருவிழா தொடங்கியது. கருவிக்குள் ஒரு சிம் கார்டு. அது டவரைப் பிடித்து, டவர் மாநில சர்வரைப் பிடித்து, அந்த சர்வர் ஆதார் சர்வரைக் கேட்டு, பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். வழியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிகாரம். எது முதலில் அலுத்துக்கொள்கிறதோ அது போனை வைத்துவிடும். பதில் தாமதமாக வந்து சேர்ந்தாலும் கேட்க ஆள் இருக்காது. பை காலியாக இருக்க, சர்வர் கணக்கில் ‘வழங்கப்பட்டது’ என்று ஏறிவிடக்கூடிய விபத்தும் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

மாத முதல் வாரத்தில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன. திறக்காவிட்டால் மறுபடி தட்டுகின்றன. ஏற்கெனவே திணறும் சர்வர் மேல் அதே கோரிக்கை இரண்டு மூன்று தடவை விழுகிறது. முயற்சிக்கு முயற்சி இடைவெளியைக் கூட்டு, கடைக்குக் கடை நேரத்தை மாற்று, இணைப்பு அறுந்தால் உள்ளூரிலேயே பதிந்துகொண்டு பிறகு அனுப்பு என்பதெல்லாம் இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நம் ஊர் அரிச்சுவடி வேறு: கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடு, வானத்துக்குக் காட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சில சமயம் வேலை செய்யும், காரணம் இருக்கிறது. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும் இணைப்பை செல்போன் நெட்வொர்க் சொல்லாமல் கொள்ளாமல் துண்டித்துவிடும். கருவிக்கு அது தெரியாது; செத்த இணைப்பில் பேசிக்கொண்டிருக்கும். உயிரோடு இருக்க வேண்டுமானால் ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’ என்று விடாமல் கத்த வேண்டும். எண்ணூர் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. கழிமுகத்தையே காணோம் என்று ஒரு கடற்கரை வரைபடம் கிளம்பி, 2017-ல் மீனவர்கள் ஆற்றில் நின்று ‘ஆறு இங்கேதான்யா இருக்கு’ என்று நிரூபிக்க வேண்டி வந்த ஊர் இது.

1995-ல் வி.எஸ்.என்.எல். டயல்-அப் இன்டர்நெட் வந்தபோது மோடம் கீச்சிட்டு, பாதிப் பொழுது ‘எங்கேஜ்டு’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு நாணயம் இருந்தது: லைன் போதவில்லை, தப்பு எங்கள் பக்கம் என்று அர்த்தம். இப்போது தப்பு ஆயாவின் விரலில்.

இவ்வளவுக்கும் மாற்று வழி காகிதத்தில் இருக்கிறது. நெட்வொர்க் கோளாறால் விரல்ரேகை சரிபார்க்க முடியாவிட்டால் ஆதார் அட்டையைப் பார்த்தே தானியம் கொடுக்க வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பத்துப் பதினைந்து சொற்களில் அடங்கும் இந்தத் தகவல் எந்தக் கடைச் சுவரிலாவது பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தால் சொல்லுங்கள். சுவரில் தலைவர்கள் படம் ஒட்ட மட்டும் இடம் இருக்கிறது. விற்பனையாளரைத் திட்டிப் பயனில்லை. ரேகை விழாமல் அரிசி போட்டால் ஸ்டாக் கணக்கில் மாட்டப்போவது அவர்தான். சர்வரை வாங்கிய அதிகாரிக்கு மெமோ வராது.

கரண்ட் பில்லுக்குக் கெடு தாண்டட்டும், அப்போது பாருங்கள் வேகத்தை. பியூஸ் பிடுங்க வருகிறவர் எந்த சர்வரையும் கேட்பதில்லை, யார் விரலையும் துடைக்கச் சொல்வதில்லை.