ராஸ்பெரி பை அன்பர்

சீட்டாட்டம், குதிரைப் பந்தயம் முதலிய வியசனங்களைக் குறித்து விஸ்தாரமாக எச்சரித்துச் சென்ற நம் பெரியோர்கள், 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி, அதாவது நான்காண்டுக்கு ஒருமுறையே வரும் ஒரு தினத்தில், விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினிப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லி வைக்காமல் போனது நம் துரதிர்ஷ்டமே. கேம்பிரிட்ஜ் நகரத்து எபன் அப்டனும் அவர் சகாக்களும், பள்ளிப் பிள்ளைகள் நோண்டிப் பார்த்து நிரல் எழுதப் பழகட்டும் என்ற உன்னத நோக்கத்தோடு அதை 35 டாலருக்குச் செய்து கொடுக்க, பிள்ளைகளை முந்திக்கொண்டு தகப்பனார்கள் அதை ஸ்வீகரித்துக்கொண்டார்கள்.

நான் சொல்லும் அன்பர் அத்தகைய தகப்பனார்களில் ஒருவர். கறிவேப்பிலை வாங்க அனுப்பினால் மின்னணுச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் ஜம்பர் வயர் வாங்கிக்கொண்டு திரும்பும் சுபாவமுடைய அவர், துளசி மாடத்துக்குத் தானே தண்ணீர் விடும் யந்திரமொன்றைச் செய்வதெனச் சங்கற்பம் செய்துகொண்டார். மண்ணின் ஈரத்தை அளக்க இரண்டு முள் கொண்ட மலிவான சென்சார் ஒன்றே போதும் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் பலகையிலுள்ள 40 பின்களில் எதற்கும் மின்சாரம் உண்டா, இல்லையா என்பதற்கு மேல் பகுத்தறியும் சக்தி கிடையாதாகையால், ஈரத்தின் ஏற்றத்தாழ்வை எண்ணாக்கித் தர ஏ.டி.சி. சில்லு ஒன்று அவசியமாயிற்று. மின்சாரம் நின்றால் பலகை மணியை மறந்துவிடுவதால் பட்டன் பேட்டரியுள்ள கடிகார மாட்யூலும், அதே மின்வெட்டில் மெமரி கார்டு சிதைந்துபோனதால் யு.பி.எஸ். பலகையும், சூடு தணிய ஹீட் சிங்கும் விசிறியும், அவை யாவும் பழைய பெட்டியில் அடங்காமையால் புதிய பெட்டியும் வந்து சேர்ந்தன. இதற்குள் ஈர மண்ணில் கிடந்த முட்களை மின்பகுப்பு அரித்துத் தின்றுவிடவே, அரிக்காத கெபாசிட்டிவ் சென்சாரைத் தேடி மறுபடியும் ரிச்சி தெரு யாத்திரை.

"என்னங்க, துளசி வாடுதே!" என்றார் சகதர்மிணி.

"வாடாதே! ஈரம் 62 சதவீதம்னு காட்டுதே!" என்றார் அன்பர், செடியின் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே.

அம்மையார் பதில் பேசாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்ற, திரையில் எண் ஏறுவதைக் கண்ட அன்பர், தம் யந்திரம் சித்தியாகிவிட்டதென்று பரமானந்தமடைந்தார்.

அவருக்கு வேண்டியது துளசியின் க்ஷேமம் அன்று. யந்திரம் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கிவிட்டால், மறுநாளே அதைப் பிரித்து, அதே பலகையை வேறொரு காரியத்துக்கு நியமித்துவிடுவார். முற்றுப்பெற்ற வேலையைப்போல் அவருக்குச் சலிப்பூட்டுவது பிறிதொன்றில்லை. ஆயினும், 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் பின்னில் 5 வோல்ட்டைச் செலுத்தி ஒரு பலகையைப் பரலோகம் அனுப்பிய அவருக்கு அது ஏன் எரிந்தது என்றாவது தெரியும். கடையில் வாங்கிய பெட்டியின் பொத்தானை அழுத்துவதோடு நிற்கும் நமக்கு அதுகூடத் தெரியாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இந்த அன்பர் உங்கள் இல்லத்துக்கு எழுந்தருளி, மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்து, "இதற்கொரு சென்சார் வைத்தால்..." என்று ஆரம்பித்தால், உடனே காபி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுங்கள், ஆனால், விடுமுறை நாட்களில் உங்கள் பிள்ளைகளைத் தவறாமல் அவர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.