சுண்டு விரல் சாட்சி

கேள்வி: பூக்கட்டுகிறேன். ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துத் தூக்கம் கலைகிறது. உதறினால் சரியாகிறது. சுளுக்கு எடுக்கலாமா?
– ஒரு வாசகி, கீழக்குயில்குடி

பதில்: சுளுக்கு எடுப்பவரை விடுங்கள், சுண்டு விரலைக் கேளுங்கள். அது மட்டும் சொரணையோடு இருந்தால், மணிக்கட்டு நரம்பு நசுங்குவதாகச் சந்தேகிக்கலாம். உங்கள் ஊர்ச் செட்டிப்புடவுக் குகையில் சமணத் தீர்த்தங்கரர் சிலையாகச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டுக் குகையில் அந்த வசதி கிடையாது: 9 தசைநாண்கள், நடுவே ஒரு நரம்பு. உள்ளே வீங்கினால் நரம்புக்குத்தான் அடி. சர்க்கரை, தைராய்டு, கர்ப்பத்தாலும் வரும்; பழியை மல்லிகைமேல் மட்டும் போடாதீர்கள். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை கட்டிப் படுங்கள். கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் மசியாவிட்டால் குகையின் கூரை நாரை வெட்டிவிடும் சிறு அறுவை. கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கினால், முகூர்த்த சீசன் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.