சரியும் சார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தாக வேண்டும். எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் அது யாருக்கும் தெரியாது. கரண்ட் பில் அட்டையில் பார்க்கலாம் என்றால், அது வீட்டு ஓனர் பெயரில் இருக்கிறது. எந்த மனையின் விலையைச் சொன்னாலும் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, "சரியும் சார்" என்பார். அதுவே பெயராக நின்றுவிட்டது.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஊரப்பாக்கத்தில் மனை பார்ப்பதாக வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. ரசம் வருவதற்குள் மனுஷரைக் கலைத்துவிடுவார். "அவசரப்படாதீங்க. ஒரு வருஷம் பொறுங்க." அந்த ஒரு வருஷம் எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். ஜோசியக்காரனுக்காவது சனிப்பெயர்ச்சி என்று ஒரு தேதி உண்டு.

2008 கடைசியில் பல்லாவரத்தில் ஒரு ஃபிளாட் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினேன். வாசலிலேயே மறித்தார். "அமெரிக்காவுல பேங்கே கவுந்துடுச்சு. ஓ.எம்.ஆர். பசங்க மூட்டை கட்டட்டும், ஃபிளாட்டைக் கூவிக் கூவி விப்பான்." நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பால் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு அவர் வாக்கை எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து எழுதி வருகிறாள்.

2015 டிசம்பர்: "முடிச்சூர் முழுகியாச்சு. இனிமே அங்க சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லை." 2019 கோடையில் ஊரே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியபோது, "இந்த ஏரியாவுல தண்ணிக் கஷ்டமே கிடையாது சார்" என்று புரோக்கர் அந்த வெள்ளத்தையே விற்றார்.

2016-க்கு மட்டும் இரண்டு பக்கம் போயிருக்கிறது. செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கறுப்பு இல்லாம கிரயம் ஏது? மூணுல ஒரு பங்கு விழும், எழுதி வச்சுக்கோங்க." எழுதித்தான் வைத்திருந்தோம்.

பலித்துவிட்டது. 2017 ஜூனில் கச்சிதமாக 33 சதவீதம் விழுந்தது. விழுந்தது அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு. தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். அதே கையோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனதை மைசூர்பாகோடு சேர்த்து விழுங்கிவிட்டார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 லட்சம் மதிப்புக்கு முத்திரைத் தீர்வையும் சேர்த்து முன்பு 8 சதவீதம், 2,40,000 ரூபாய். அதற்குப் பிறகு சுமார் 20 லட்சத்துக்கு 11 சதவீதம், 2,20,000. மனைக்காரரோ தான் கேட்ட விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. அதற்கு இனிப்பு வரவில்லை.

கொரோனாவில், "ஊருக்குப் போனவன் திரும்ப மாட்டான்" என்றார். திரும்பி வந்தார்கள். வந்ததோடு, லேப்டாப்பை வைக்க இன்னொரு ரூம் இருக்கிற வீடாகத் தேடினார்கள். அந்தச் சமயத்தில் உண்மையாகவே சரிந்தது வீட்டுக் கடன் வட்டிதான், 7 சதவீதத்துக்கும் கீழே.

இவரைக் கேலி செய்வது சுலபம். எதிர்க்கட்சி மட்டும் என்ன யோக்கியம்? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிளேன் இறங்கப் போகுது என்று சொல்லிச் சொல்லியே வருஷக் கணக்கில் மனை விற்றார்கள். 2022-ல் அறிவிப்பு வந்தது பரந்தூருக்கு. ஓ.எம்.ஆரிலும் 2013, 14-க்கு அப்புறம் கொஞ்ச காலம் ஃபிளாட்டுகள் ஆள் வராமல் நின்றன. வாங்கியவர்களுக்கு மாதத் தவணைதான் தவறாமல் வந்தது. விலை சரியவில்லை, உட்கார்ந்திருந்தது. நம்மவர் மட்டும் "உட்காரும் சார்" என்று சொல்லியிருந்தால் தீர்க்கதரிசி ஆகியிருப்பார்.

போன மாதம் வீட்டுக்கு வந்தார். அவர் குடியிருக்கும் வீட்டை ஓனர் விற்றுவிட்டாராம், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். "வாடகையைக் கேட்டா தலை சுத்துதும்மா" என்று என் மனைவியிடம் புலம்பினார். அவள் காபியை வைத்துவிட்டு, பால் நோட்டை எடுத்து முதல் பதிவிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோல, ஒவ்வொரு தேதிக்கும் தலையாட்டினார்.

வாசித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நோட்டை ஜாக்கிரதையா வைம்மா" என்றார். "சரியும்போது சாட்சி வேணும்."